மருந்துக்கு அடங்காத கிருமி!

ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. வீட்டார் மகிழ்கிறார்கள். நாலாம் நாள் காய்ச்சல் வருகிறது. தையல் போட்ட இடத்தில் சீழ்! ஊசி போடுகிறார்கள்; கேட்கவில்லை. மருந்தை மாற்றுகிறார்கள், அதற்கும் கேட்கவில்லை.

காரணம் என்ன? மருந்தை வெல்லப் பழகிய கிருமி புண்ணில் புகுந்துவிட்டது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்காதீர்கள். 2010-ம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பல நாட்டு விஞ்ஞானிகளும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டாக்டர்கள் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் மருந்தையும் முறியடிக்கும் கிருமி, சென்னையில் எடுத்த 44 மாதிரிகளில் இருந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு எத்தனை தூரம்? கிருமிக்கு ரயில் டிக்கெட்டும் வேண்டாம்!

கிருமிக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பது யார்? நாமும்தான்.

செங்கல்பட்டில் பிள்ளைக்குச் சளி. மாமல்லபுரம் கடற்கரையில் வலை இழுத்தவர் கையில் மீன் முள் குத்திவிட்டது. உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். "அண்ணே, நல்ல மாத்திரையா ரெண்டு கொடுங்க!"

சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாட்டிக் மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. முள் குத்திய கை சீழ் பிடித்தால் மருந்து வேண்டும்; ஆனால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். அரைகுறையாகத் தின்றால் எளிய கிருமி சாகும்; வலிய கிருமி பிழைத்துப் பெருகும். அதே ஆள் நாளை ஆபரேஷனுக்குப் படுத்தால், அந்தக் கிருமியும் கூடவே வரும்.

"டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகுமே" என்பார்கள். உண்மைதான். புண் ஆறாமல் ஒரு மாதம் படுத்தால் எத்தனை கூலி போகும்? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லையே!

ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பு உண்டு. ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்தவரைத் தொடக்கூடாது. பார்க்கப் போகும் உறவினருக்கும் இதே விதிதான். கட்டிலில் உட்கார வேண்டாம். கட்டைத் தொட வேண்டாம்.

கடைக்காரருக்கும் சட்டம் உண்டு. 2014 முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இந்தச் சட்டம் ஏட்டோடு நிற்கக்கூடாது. அதிகாரிகள் கடை கடையாகப் பார்க்க வேண்டும்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா? டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள். மிச்சம் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். இன்று வீணாக்கும் மாத்திரை, நாளை உயிர் காக்க வேண்டிய மாத்திரை!