நெருப்பு மூட்ட இடம் உண்டா?

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு தப்பாட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். மாநில அளவிலான போட்டி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஏசி அரங்கம். மெத்தை நாற்காலி. வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர். எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை. நெருப்பு மூட்ட இடம் இல்லை.

தப்பு அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டிய கன்றுக்குட்டித் தோல் அது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தொய்ந்துவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அந்த அனலில் காட்டிக் காட்டித் தோலை முறுக்கேற்ற வேண்டும். அப்போதுதான் 'கணீர்' என்று பேசும். வீணைக்காரர் பிருடையைத் திருகுவது மாதிரி, இவர்களுக்குச் சுருதி சேர்ப்பது நெருப்பு.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்க வேனில் வந்த பத்துப் பேர் கார் நிறுத்துமிடத்தில் முழித்துக்கொண்டு நின்றார்கள். அரங்கத்துக்குள் நெருப்பு கூடாது. சரி, நியாயம். வெளியிலும் கூடாது, பெட்ரோல் வண்டிகள் நிற்கின்றன. அதுவும் நியாயம். அமைப்பாளர் ஒருவர் ஓடிவந்தார். "ஸ்டேஜ் லைட் நல்லா சூடா இருக்கும், அதுல கொஞ்சம் காட்டிக்குங்க" என்றார். அது எல்.இ.டி. லைட். அதில் அப்பளம்கூட வாடாது. கடைசியில், "அடுத்த வருஷம் ஃபைபர் தோல் போட்டு எடுத்துட்டு வந்துடுங்களேன், தொந்தரவே இல்லை" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

மேடை ஏறினார்கள். ஆட்டம் பிரமாதம். சத்தம் மட்டும் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல வந்தது. நடுவர் ஒருவர், "ஒலியில் தெளிவு போதாது" என்று மார்க்கைக் குறைத்தார். பரிசு ஃபைபர் பறையோடு வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போனது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நன்றாகவே அடித்தார்கள். கோபம், போட்டிக்கு இடம் பார்த்தவர்கள் மேல்.

நான் பி.காம். படித்தவன். எங்கே போனாலும் மனசு வரவு செலவு போட ஆரம்பித்துவிடும். முப்பது குழு, குழுவுக்குப் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னூறு பேர். நடுவர்கள் ஐந்து பேர். அமைப்பாளர்கள் ஒரு இருபது பேர். இருபத்தைந்து பேரைத் தஞ்சாவூருக்கு ரயில் ஏற்றுவது சிக்கனமா? வாத்தியத்தோடு முன்னூறு பேரை மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரவழைப்பது சிக்கனமா? இதற்கு ஆடிட்டர் வேண்டாம், விரல் விட்டு எண்ணினாலே போதும். ஆனால் நம் ஊரில் யார் வசதிக்காக யார் அலைய வேண்டும் என்பது கணக்கில் தீர்மானமாவதில்லை.

சென்னை சங்கமத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2007-ல் அது தொடங்கியபோது, பார்க்கிலும் பீச்சிலும் கரகமும் தப்பும் வந்து இறங்கியதை வாய் பிளந்து பார்த்த சென்னைக்காரர்களில் நானும் ஒருவன். 2011-ல் ஆட்சி மாறியதும் நின்றுபோய், 2023 பொங்கலுக்குத் திரும்பி வந்தது. தஞ்சாவூர் உட்பட வேறு ஊர்களுக்கும் கொஞ்சம் விரிந்தது. நல்ல காரியம். நகரத்துக்காரன் காதில் அந்தச் சத்தம் விழ வேண்டும்தான். ஆனால் அது விருந்தாளியாக வந்து போவது. இருபது நிமிஷம் அடி, சால்வை வாங்கிக்கொள், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வேன் ஏறு. நான் பேசுவது போட்டியைப் பற்றி. இந்தக் கலையில் யார் உசத்தி என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தைப் பற்றி. அந்த இடம் கலை பிறந்த மண்ணில் இருக்க வேண்டாமா?

'சென்னையில்தான் மீடியா இருக்கிறது, ஸ்பான்சர் இருக்கிறார்' என்பது ரெடிமேட் பதில். தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டரில் திருவையாறு இருக்கிறது. வருஷா வருஷம் புஷ்ய பகுள பஞ்சமிக்கு, சபாக்களில் கொடிகட்டிப் பறக்கிற வித்வான்கள் எல்லாம் காவிரிக் கரைக்குப் போய், பந்தலில் தரையில் உட்கார்ந்து பாடுகிறார்கள். டி.வி. அங்கே போகிறது. ஸ்பான்சரும் போகிறார். 'சென்னையில் திருவையாறு' என்று டிசம்பரில் தனியாக ஒரு விழா நடக்கிறது, ஆனால் அசல் ஆராதனையை யாரும் மயிலாப்பூருக்கு மாற்றச் சொன்னதில்லை. தியாகராஜருக்காகத் திருவையாறு போகத் தெரிந்த கேமராவுக்கு, தப்புக்காரர்களுக்காக ரெட்டிப்பாளையம் போக வழி தெரியாதா?

அமெரிக்காவில் 'டிரம் கோர்' என்று ஒன்று உண்டு. நூற்றைம்பது இளைஞர்கள் டிரம்மும் பித்தளை வாத்தியமுமாக மைதானத்தில் அணிவகுத்து வாசிப்பார்கள். கிட்டத்தட்ட ராணுவ ஒழுங்கு. 1972-ல் வைட்வாட்டர் என்ற சின்ன ஊரில் தொடங்கிய அதன் சாம்பியன்ஷிப், பல வருஷம் ஊர் ஊராக அலைந்தது. பிறகு ஒரே ஊரில் நிலைகொள்ள முடிவு செய்து, அமைப்பின் அலுவலகத்தையே இண்டியானாபொலிஸ் நகரத்துக்கு மாற்றினார்கள். 2008-ல் அங்கே ஸ்டேடியம் கட்டி முடியவில்லை. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத் திறந்த மைதானத்தில் நடத்தினார்கள். 2009-லிருந்து கூரையை மூடித் திறக்கிற பிரம்மாண்டமான ஸ்டேடியம். அதில் எதிரொலி அடிக்கிறது, திறந்த வெளி மாதிரி வருமா என்று அங்கேயும் முனகல் உண்டு. வாத்தியத்துக்கு எது தோதான இடம் என்று அவர்கள் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாம் ஹாலின் வாடகையையும் பார்க்கிங்கையும் கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறோம்.

தஞ்சாவூரில் இடத்துக்கா பஞ்சம்? எட்டு மாநில, யூனியன் பிரதேசக் கலைகளைக் கவனிக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்தின் தலைமையகமே 1986-லிருந்து அங்கேதான் இருக்கிறது. 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஏக்கர் கணக்கில் வெட்டவெளி கிடக்கிறது. நாட்டுப்புறவியல் துறையும் அங்கே உண்டு. அன்னை சத்யா ஸ்டேடியம் இருக்கிறது. திலகர் திடல் இருக்கிறது. 1995-ல் உலகத் தமிழ் மாநாட்டையே நடத்திக் காட்டிய ஊர் அது. 2010-ல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு ஆயிரம் பேரைப் பரதம் ஆட வைத்த ஊர். முன்னூறு தப்புக்காரர்களுக்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விடுமா?

இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டு, அன்றைக்குத் தோற்றுப்போன குழுத் தலைவரிடம் போனேன். ஐம்பதைத் தாண்டியவர். "அண்ணே, உங்க ஊர்லயே நடத்தச் சொல்லி நீங்கள்லாம் சேர்ந்து கேக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் சிரித்தார். "மெட்ராஸ்ல அடிச்சா கலைஞன்ங்கிறாங்க சார். ஊர்ல அடிச்சா, யாரு செத்ததுன்னு கேக்குறாங்க."

என் வரவு செலவுக் கணக்கெல்லாம் அந்த இடத்தில் நின்றுபோனது. கூலி போனாலும், ராத்திரி முழுக்க வேனில் இடுப்பு ஒடிந்தாலும் அவர் சென்னைக்கு வருவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் வருவது பரிசுக்காக இல்லை. சாவுக்கு அடிக்கிறவன் என்ற பெயரை ரெண்டு நாள் கழற்றி வைப்பதற்காக.

தப்புக்காரனுக்கு எது இடம் என்பதைத் தஞ்சாவூர் ரொம்ப காலத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்துவிட்டது. பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி கணக்கிலிருந்து தள்ளுபடியாகும் நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் வரும், கம்மாணச்சேரி வரும், சுடுகாடு வரும், பறைச்சேரியும் வரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சேரி தனி, ஊர் தனி. அந்தக் கோட்டை அழிக்கத்தான் இந்த டெல்டாவில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக 1940-களில் பி. சீனிவாசராவ் சங்கம் கட்டினார். இனி உங்கள் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று தோலைக் கிழித்துப் போட்ட மனிதர்களும் தமிழ்நாட்டில் ஊர் ஊராக உண்டு. அதுவும் சுயமரியாதைதான். அதே வாத்தியத்தைத் தலை நிமிர்ந்து கையில் எடுத்த திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்களும் சுயமரியாதைக்காரர்கள்தான். 2025-ல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்லி வரைக்கும் போய்விட்டது பறை. சொந்த ஊர்த் தெருவுக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

'அப்படியானால் சென்னையிலேயே அடிக்கட்டுமே, அங்கேதானே மரியாதை கிடைக்கிறது' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் நான் சண்டைக்கு வருகிறேன். வெளியூரில் கிடைக்கிற மரியாதை, அந்த ஊரிலிருந்து பஸ் ஏறியதும் இறங்கிவிடும். எங்கே மறுக்கப்பட்டதோ அங்கேயே வாங்கினால்தான் அது மரியாதை. இதைத் தஞ்சை மண்ணே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நின்றுகொண்டு வாசித்தே பழகியிருந்த நாகஸ்வரத்துக்கு, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று மல்லுக்கு நின்று இடம் வாங்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. தியாகராஜர் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே, பெண் என்பதால் ஆராதனையில் பாட இடமில்லை என்றார்கள். அந்த அம்மாள் பெங்களூருக்கோ சென்னைக்கோ திரும்பிப் போய்ப் பாடிக்கொள்ளவில்லை. அதே திருவையாற்றில் பெண்களைத் திரட்டிப் பாட வைத்தார். இன்றைக்கு அங்கே பெண்கள் பாடாத ஆராதனை உண்டா?

ஆகவே, நிகழ்ச்சி நடத்துகிற பெரிய மனிதர்களே, அரசுத் துறைகளே, இதுதான் என் கோரிக்கை.

மாநிலத் தப்பாட்டப் போட்டியைத் தஞ்சாவூரில் நடத்துங்கள். பொங்கலுக்கு வேண்டாம். டெல்டாவில் அப்போது சம்பா பயிர் அறுவடைக்கு நிற்கும். தப்பு அடிக்கிற கைகளில் பாதி, அறுப்பு அறுக்கிற கைகள். மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அதற்குப் பிறகு அறுப்பு முடிந்து, மாசியில் வயல் காய்ந்து கிடக்கும், கையில் வேலை இருக்காது. அப்போது நடத்துங்கள். பரிசுப் பணமும் வந்துபோகிற செலவும் அந்த மாதத்தில் கிடைத்தால் அது ஒரு குடும்பத்துக்கு அரிசி.

கூரை வேண்டாம். மண் தரை வேண்டும். சலங்கை கட்டிய வெறுங்கால் சிமென்ட்டில் மணிக்கணக்கில் குதித்தால் முட்டி போய்விடும். மூன்று பக்கமும் ஜனம் நிற்க வேண்டும். பெண் குழுக்களுக்கு உடை மாற்ற அறையும் சுத்தமான கக்கூஸும் வேண்டும். நடுவர்களில் பாதிப் பேராவது தோல் காய்ச்சத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஓரமாக நெருப்பு மூட்ட ஒரு இடம், அதற்குப் பக்கத்தில் ரெண்டு வாளித் தண்ணீர், நாலு கட்டு வைக்கோல். டெல்டாவில் வைக்கோலுக்கு ஸ்பான்சர் தேடவேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம். போட்டிக்கு முன்னால் எல்லாக் குழுக்களும் ஊர்வலமாகப் போக வேண்டும். எந்த வழியாக? 2015-ல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பெரிய கோயில் தேர் மறுபடி ஓடியதே, அந்த நாலு ராஜவீதி வழியாக. இந்த வீதிகளில் தப்புச் சத்தமே கேட்டதில்லை என்று நான் சொல்லவில்லை. பிணம் போகும்போது கேட்டிருக்கிறது. கட்சித் தலைவர் வரும்போது கேட்டிருக்கிறது. செத்தவருக்காகவும் தலைவருக்காகவும் அடித்த கை, ஒரு நாளாவது தனக்காக அடித்துக்கொண்டு அந்த வீதியில் போகட்டும். கலெக்டரும் மேயரும் காரில் வந்து கொடி அசைத்துவிட்டுப் போகாமல் கூடவே நடக்கட்டும்.

சத்தம் கேட்டு யாராவது ஜன்னலைத் திறந்து, "யாரு செத்தது?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். முதல் வருஷம் கேட்பார்கள், ரெண்டாவது வருஷமும் கேட்பார்கள். மூன்றாவது வருஷம், "இந்த வாட்டி எந்த ஊர் ஜெயிச்சுது?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வி அந்தத் தெருவில் எழுகிற வரைக்கும், சென்னையில் நாம் போர்த்துகிற சால்வை எல்லாம் வெறும் துணிதான்.