மூடிய இஷ்யூக்களையும் படியுங்கள்

தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டே நிரல் எழுதிப் பிழைப்பது இன்று புதுச் செய்தியல்ல. மத்தளம்பாறையில் 2011இல் ஸோஹோ அலுவலகம் திறந்தது. உலகெங்கும் விற்பனையாகும் ஸோஹோ டெஸ்க் அங்கே உருவானதுதான். கங்கைகொண்டானில் எல்காட் பூங்கா இருக்கிறது. இவற்றுக்கு வெளியே, பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் வீட்டு மாடியில் கணினியை வைத்துக்கொண்டு, நேரில் பார்த்தேயிராத குழுக்களோடு வேலை செய்யும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த உரை முதலில் அவர்களுக்கு. அடுத்து, அவர்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கு.

பெரிய அலுவலகத்தில் சேரும் புதியவர், ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று பக்கத்து இருக்கையில் கேட்டுவிடலாம். மாடியில் தனியாக உட்கார்ந்திருப்பவர் யாரைக் கேட்பார்? கிட்ஹப் அல்லது கிட்லேப் பக்கம்தான் அவருக்கு மூத்தவர். அந்தப் பக்கத்தைப் படிக்கப் பழகாமலே அவர் வேலைக்கு வந்துவிடுகிறார் என்பதே நம் கவலை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் வேறு, அதன்மேல் 2008இல் எழும்பிய கிட்ஹப் வேறு. நம் பயிலரங்குகள் பெரும்பாலும் முன்னதோடு, அதிலும் ஆட், கமிட், புஷ் என்ற மூன்று கட்டளைகளோடு முடிந்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக, ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியின் பெயரில் இயங்கும் கிட்ஹப் கணக்கில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கிறது அது. ‘திருநெல்வேலி’ என்ற சொல்லைப் பைத்தானிடம் கொடுத்து நீளம் கேட்டால் 12 என்று சொல்லும். பள்ளிப் பிள்ளை எண்ணினால் 6 எழுத்து. யூனிகோடில் ‘த’ ஒரு குறியீடு, அதன்மேல் ஏறும் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் வரும் வேறுபாடு இது. சொல்லை நம் கணக்குப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செயற்கூறு ஓப்பன்-தமிழில் உண்டு. அதில் ஒரு திருத்தம் செய்ய ஒரு மாணவி விரும்புகிறாள் என்றால் எங்கிருந்து தொடங்குவாள்?

ரெப்போவின் முதல் பக்கத்தில் ‘டி’ (t) விசையைத் தட்டினால் போதும், கோப்பின் பெயரை எழுதித் தேடலாம். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. கோப்பு திறந்ததும் மேலே ‘பிளேம்’ என்றொரு பொத்தான். அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்ட கமிட் தெரியும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். கடைசியாகத் தொட்டவர் வெறும் இடைவெளியைச் சரிசெய்தவராக இருக்கலாம். அந்த மாற்றத்துக்கு முந்தைய நிலையைக் காட்டும் சிறு குறி வரியின் ஓரத்திலேயே இருக்கிறது. அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் அந்த வரி பிறந்த இடம் வரும். அது புல் ரெக்வெஸ்ட் வழியாக உள்ளே வந்த வரியானால், கமிட் பக்கத்திலேயே அதன் எண்ணும் நிற்கும். அந்த எண்ணைத் திறந்தால், உரையாடல் தாவலில் எது ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். ஒரு வரியின் வரலாற்றை இப்படித் தேடிப் போய்ப் படித்தவர், அதை மாற்றும்போது கைநடுங்க மாட்டார்.

இஷ்யூ பக்கம் இன்னொரு பொறி. திறந்ததும் தீராதவை மட்டுமே தெரியும். தேடல் பெட்டி அப்படித்தான் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கிறது. அந்த வடிகட்டியை எடுத்துவிட்டால்தான் மூடப்பட்டவையும் வரும். ஏற்கெனவே தீர்த்து மூடிய ஒன்றையே புதிதாகக் கேட்டு, பராமரிப்பவரிடமிருந்து எரிச்சலான ஒரு வரிப் பதில் வாங்கி, அதோடு பங்களிப்பையே விட்டுவிடும் இளைஞர்களைப் பற்றி நாம் வருந்த வேண்டும். அவர்களிடம் அறிவுக் குறைவு ஏதுமில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

இணைப்பு அனுப்புவதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். மெயின் பிராஞ்சில் உள்ள கோப்பின் 40ஆம் வரிக்கு இன்று இணைப்பு கொடுத்தால், அடுத்த மாதம் அதே இணைப்பு வேறு எதையோ காட்டக்கூடும். அனுப்பும் முன் ‘ஒய்’ விசையைத் தட்டுங்கள். முகவரி அந்தக் குறிப்பிட்ட கமிட்டோடு கட்டப்பட்டுவிடும், பிறகு மாறாது.

மூத்தவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஃபோனில் பேசி முடிவெடுத்துவிட்டு, ‘பேசினபடி மாத்தியாச்சு’ என்று ஒற்றை வரி எழுதி மெர்ஜ் செய்வது, அந்தப் பேச்சில் இல்லாத ஒவ்வொருவருக்கும் செய்யும் அநீதி. சென்னையில் அது கொஞ்சம் சமாளிக்கக்கூடியது. கடையத்தில் இருப்பவருக்கு அதோடு வழி அடைபட்டுவிடுகிறது. கிட்ஹப்பின் பொத்தான்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆனால் விளக்கப் பெட்டியில் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை. தமிழர்களே நடத்தும் திட்டத்தில், நான்கு வரித் தெளிவான தமிழ் விளக்கம் தடுமாறும் ஆங்கில வரியைவிட எவ்வளவோ மேல்.

கல்லூரிகளில் கிட் பயிற்சி நடத்தும் ஆசிரியர்கள், முதல் நாள் யாரையும் எதையும் எழுத வைக்காமல் பாருங்கள். ஓப்பன்-தமிழில் எழுத்துப் பிரிக்கும் செயற்கூறைத் திறந்து, ஆளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது, அது தொடர்பான இஷ்யூ ஏதும் மூடப்பட்டிருக்கிறதா, காரணம் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். காரணம் எங்குமே பதிவாகவில்லை என்று ஒரு மாணவர் கண்டுபிடித்தால் அதுவும் நல்ல விடைதான். அதைக் கேட்டு அவர் திறக்கும் இஷ்யூ அவருடைய முதல் பங்களிப்பாக இருக்கட்டும்.