கடல் கடக்கும் பூனை

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நமது கரையோர ஊர்களில் பூனை நடமாடாத வீட்டைக் காண்பது அரிது. மீன் அரியும் நேரத்தில் அடுக்களை வாசலில் வந்து குந்தியிருக்கும் அப்பிராணியை யாரும் வெறுப்பதில்லை. நபித்தோழர் ஒருவர் பூனைக்குட்டியின்பால் கொண்ட அன்பினால் அபூஹுரைரா என்றே பெயர் பெற்றார் என்பதை மதரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான்.

இவ்வூர்களிலிருந்து கட்டாருக்கும் குவைத்துக்கும், அப்பால் இலண்டனுக்கும் மெல்பேணுக்கும் செல்வோர் பலர். குடும்பத்தோடு புறப்படும் வீடுகளில், "வாப்பா, பூனையையும் கூட்டிப் போவோமா?" என்ற கேள்வி எழாதிராது. "பார்ப்போம் மகள்" என்று சொல்லிவிட்டுப் பயணச்சீட்டு வந்த பின்னரே பார்க்கத் தொடங்குகின்றனர். அப்பொழுது காலம் கடந்துவிடுகிறது. பாவம், பூனை சந்தை மூலையில் விடப்படுகிறது.

பிறநாடுகள் அஞ்சுவது பூனைக்கன்று, விசர்நாய்க்கடி நோய்க்கே. பிரித்தானியா 1922 ஆம் ஆண்டிலேயே நாய்களிடையே அந்நோயை ஒழித்துவிட்டது. பின்னர் நெடுங்காலம், வெளிநாட்டு நாய் பூனைகளை ஆறு மாதம் தனிமைப்படுத்தி வைத்தது. 2000 ஆம் ஆண்டில் சில நாடுகளுக்கு விதி தளர்ந்தது. நோய் இன்னும் ஒழியாத இலங்கை போன்ற நாடுகளுக்கு 2012 இலேயே வழி திறந்தது. அவ்வழியில் வரிசை தவறலாகாது.

முதலில், அரிசிமணி போன்ற மைக்ரோசிப் ஒன்றைத் தோலின்கீழ் செலுத்துவர். அதிலுள்ள பதினைந்து இலக்கமே பூனையின் அடையாளம். அதன்பின்னரே தடுப்பூசி. ஊசியை முன்னர் போட்டுச் சிப்பைப் பின்னர் வைத்தால், எந்தப் பிராணிக்கு ஊசி போடப்பட்டது என்பதற்குச் சான்றில்லை, அவ்வூசி செல்லாது. குட்டியாயின் பன்னிரண்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும். ஊசி போட்டு முப்பது நாள் சென்றபின் இரத்தம் எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்திற்கு அனுப்புவர். எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகேனும் இருத்தல் வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி முதலாந் திகதி ஊசி போட்டால் மே மாதத் தொடக்கத்திலேயே பயணம்!

தேறிய பின்னரும் ஏன் இக்காத்திருப்பு என மாணவர் கேட்கலாம். கடித்த நாளிலேயே நோய் வெளிப்படுவதில்லை. வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் மறைந்திருக்கும். ஊசிக்கு முன்பே கிருமி புகுந்திருந்தால் பெரும்பாலும் இவ்விடைவெளியில் அது தெரிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஏறத்தாழ இதே முறைதான். ஐக்கிய அரபு இராச்சியம் முன்அனுமதி கேட்கிறது. அவுஸ்திரேலியாவோ மிகக் கண்டிப்பானது. அது அங்கீகரித்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லையாதலால், இங்கிருந்து நேரே கொண்டுசெல்லல் இயலாது. பணபலமும் அங்கே எடுபடவில்லை. 2015 இல் நடிகர் ஜொனி டெப்பின் இரு சிறு நாய்கள் தனி விமானத்தில் அறிவிக்கப்படாமல் வந்திறங்கின. வெளியேற்றாவிடில் கொல்லப்படும் என அமைச்சர் எச்சரிக்க, அவை திரும்பின. 2016 இல் அவர் மனைவி, பயணப் படிவத்தில் பொய் விபரம் அளித்ததை நீதிமன்றில் ஒப்புக்கொண்டார்.

நாயை நம்மவர் பெரும்பாலும் முற்றத்தோடு நிறுத்துவர் ஆதலின் அதுபற்றி விரிக்கவில்லை. விதி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் பிரித்தானியா செல்லும் நாய்க்குப் பயணத்திற்கு ஐந்து நாளுக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்தாக வேண்டும்.

எல்லாப் பூனையையும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது நமது கருத்தன்று. பிரித்தானியாவுக்கு விமானத்தில் செல்லும் பூனை மடியிலன்று, சரக்காகவே செல்லும். பத்து வயதுக் கிழப்பூனைக்கு அந்தப் பயணம் எதற்கு? பூனையை அடைத்து உணவின்றி வருத்திய பெண்ணுக்கு நேர்ந்த கதியை ஹதீஸில் படித்த நாம், சந்தையில் விடுவதையும் எளிதாகக் கொள்ளலாகாது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பூனையை மூத்தம்மாவின் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். அதன் சாக்கையும் சோற்றுக் கோப்பையையும் உடன் அனுப்புங்கள். முதற் சில நாட்கள் அறைக்குள் வைத்து, பின்னர் வெளியே விடச் சொல்லுங்கள். அது பழைய வீட்டுக்கே திரும்பி ஓடிவந்தாலும், மீண்டும் தூக்கிச் செல்ல அப்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள்.