நரியைக் காணும் கண்

புதுச்சேரியில் பிரெஞ்சும் தமிழும் நெடுங்காலம் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தன. பிரெஞ்சுப் பள்ளியில் பயின்ற சிறுவன், லா ஃபோன்தேன் என்னும் புலவர் 1668-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைப்பாடல்களைப் படித்தான். காகத்தைப் புகழ்ந்து பேசி, அதன் வாயிலிருந்த பாற்கட்டியைப் பறித்துக்கொண்ட நரியை அவன் அங்கே கண்டான். தமிழ்ப் பள்ளியில் பயின்ற சிறுவனோ, பாட்டி சுட்ட வடையைக் காகம் திருடியதையும், அக்காகத்தை நரி ஏமாற்றியதையும் கேட்டு மகிழ்ந்தான். பாற்கட்டி வடையாக மாறியது. நரி மட்டும் மாறவில்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நரியும் மாறிவிட்டது.

பிரெஞ்சுக் கதையில் வரும் விலங்கு செந்நரி. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் அது பரவி வாழ்கிறது. நம் நாட்டில் இமயமலைச் சாரலிலும் வடமேற்கே வறண்ட நிலங்களிலும் அதனைக் காணலாம். தமிழ்நிலத்தில் அது இல்லை. நம் ஊர்ப்புறங்களில் அந்தி வேளையில் ஊளையிடும் நரி வேறொரு விலங்கு. அது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவினது. பிரெஞ்சுக்காரர் செந்நரியை ‘ரெனார்’ என்றும், நம் நரியை ‘ஷக்கால்’ என்றும் பிரித்து வழங்குவர். பஞ்சதந்திரக் கதையில் வரும் கரடகனும் தமனகனும் இந்த இரண்டாம் வகையினரே. இவை தவிர, மூன்றாவதாக ஒரு சிறு விலங்கும் உண்டு. அது செந்நரியின் இனத்தைச் சேர்ந்தது. இந்தியத் துணைக்கண்டத்திற்கே உரியது. சேலம் வட்டாரத்தார் அதனை வங்காநரி என்பர். குள்ளநரி என்ற பெயரைச் சிலர் இதற்கும், சிலர் நம் நரிக்கும் வழங்குவர். மூன்று விலங்குகள் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதால், பெயர் தெரிந்தவுடனே விலங்கும் தெரிந்துவிட்டது என்று நாம் மயங்குகிறோம்.

இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. செந்நரியின் வால்நுனி வெண்மையாக இருக்கும்; காதின் பின்புறம் கருமையாக இருக்கும். வங்காநரி ஏறத்தாழ 3 கிலோ எடையே உள்ளது, காது பெரிது, வால்நுனி கரியது. நம் நரி 8 முதல் 10 கிலோ வரை எடையுள்ளது, கால் நீண்டது, முதுகில் கருமை கலந்த பொன்னிற மயிர் உடையது. கண்ணிலும் வேற்றுமை உண்டு. நரியின் கண்மணி நாயின் கண்மணியைப் போல வட்டமானது. செந்நரிக்கும் வங்காநரிக்கும் அது பூனையின் கண்மணியைப் போல நெடுக்கான கீற்றாக ஒடுங்கும். இச்சிறு வேற்றுமைகளைக் கவனிக்கும் கண்ணே இயற்கையறிவின் முதற்படி.

கதைகள் தவறானவை என்று நாம் கூறவில்லை. கதைகளில் வரும் நரி உண்மையில் மனிதனே. மனிதனுடைய சூழ்ச்சி, முகத்துதி, பேராசை ஆகியவற்றுக்கு நரியின் தோலைப் போர்த்திக் காட்டினர் நம் முன்னோர். அதனால் பயனடைந்தவர் நாம். பழியை ஏற்றதோ நரி. கதையோடு நின்றுவிடாமல், பழி சுமந்த அவ்வுயிர் தன் வாழ்க்கையை எவ்வாறு நடத்துகிறது என்று ஒருமுறையேனும் கண்டறிவது நம் கடமை அன்றோ?

கண்டறிந்தவர் கூறுவதைக் கேட்போம். ஆணும் பெண்ணும் இணைந்து, பல ஆண்டுகள் ஒன்றாகவே வாழ்வது நரியின் இயல்பு. இரண்டும் சேர்ந்து இடம் காக்கும். இரண்டும் சேர்ந்து குட்டிகளுக்கு இரை தேடும். தொலைவில் உண்ட இரையை வளைக்குத் திரும்பிக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். முந்திய ஆண்டில் பிறந்த பிள்ளைகளில் சில, பெற்றோரை விட்டுப் பிரியாமல் தங்கி, தம்பி தங்கையரை வளர்க்கத் துணைநிற்பதும் உண்டு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியில் நரியினங்களை நெடுநாள் நோக்கிய பட்ரீசியா மோல்மன் என்னும் அறிஞர், இவ்வாறு துணை செய்வோர் மிகுந்த குடும்பத்தில் பிழைக்கும் குட்டிகளும் மிகுதி என்று 1979-ஆம் ஆண்டில் எழுதினார். தன்னலத்திற்கு உவமையாக நாம் காட்டும் விலங்கு, தன் வீட்டில் இத்தகைய ஒழுக்கம் உடையது!

செந்நரியின் செய்தியும் வியப்புக்குரியதே. பனியின் அடியிலோ அடர்ந்த புல்லின் அடியிலோ ஓடும் எலியை அது காதால் கேட்டு, மேலே துள்ளி, முன்னங்கால்களை ஊன்றிப் பிடிக்கும். செக் நாட்டில் அறிஞர்கள் இத்தகைய துள்ளல்களை ஏறத்தாழ 600 முறை பார்த்துக் குறித்தனர். மறைவிடத்திலுள்ள இரையின்மேல் வடகிழக்கு நோக்கிப் பாய்ந்தபோது, நான்கு முறைக்கு மூன்று முறை அளவில் நரி வெற்றி பெற்றது. வேறு பல திசைகளில் பெரும்பாலும் தோல்வியே அடைந்தது. பூமியின் காந்தப் புலத்தை அது உணர்கிறது போலும் என்று 2011-ஆம் ஆண்டில் அவர்கள் கருத்துரைத்தனர். கதைநரியின் தந்திரம் எதுவும் இதற்கு ஈடாகுமா? அவ்வறிஞர் செய்தது யாது? நரியைப் பிடிக்கவில்லை, கூண்டில் அடைக்கவில்லை, பொறுமையுடன் பார்த்தனர், பார்த்ததைக் குறித்தனர்.

பொறுமையுடன் பார்ப்பதற்கு இக்காலத்தில் சிறந்த துணையாவது புகைப்படக் கருவி. துப்பாக்கி ஏந்திக் காடு புகுவதே பெருமை என்று கருதிய காலத்தில், வட இந்தியாவில் வனத்துறை அலுவலராயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் புகைப்படக் கருவியை ஏந்தினார். விலங்கு செல்லும் தடத்தில் மெல்லிய கம்பி கட்டி, அதனை விலங்கே இடறித் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளுமாறு அமைத்தார். அவ்வாறு எடுத்த புலிப் படங்களைக் கொண்ட அவரது நூல் 1927-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழகம் தந்த மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான அவர், பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் கருப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 1950 முதல் தம் இறுதிநாள் வரை ஒரே நாளிதழில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார். விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று ஏங்குவோர் அவர் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தல் நலம்.

நல்ல படம் அழகுக்காக மட்டும் எடுக்கப்படுவதன்று. அது ஒரு சான்று. கனடா நாட்டு மருத்துவரான டான் குட்டோஸ்கி, உறைபனி நிலத்தில் ஒரு செந்நரியைக் கண்டார். அது தான் கொன்ற வெண்ணிறத் துருவநரியை வாயில் கவ்விச் சென்றது. அக்காட்சியின் படம் 2015-ஆம் ஆண்டில் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைமைப் பரிசைப் பெற்றது. வடபுலம் வெப்பமடைய வெப்பமடைய, செந்நரி மேலும் வடக்கே சென்று துருவநரியின் நிலத்தில் புகுகிறது. இச்செய்தியைப் பல பக்கங்கள் எழுதி விளக்குவதினும் அவ்வொரு படம் தெளிவாக விளக்கியது. எனினும், அவ்விரு விலங்குகளின் வாழ்க்கையை அறியாதவனுக்கு அப்படம் வெறும் கொலைக்காட்சியே. படம் கண்ணுக்கு, பொருள் அறிவுக்கு. இரண்டும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை.

ஆதலின், படம் எடுப்போர் ஒவ்வொரு படத்திற்கும் நாள், நேரம், இடம், விலங்கு செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை எழுதி வைத்தல் வேண்டும். இப்பழக்கம் புதுச்சேரிக்குப் புதியதன்று. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இந்நகரில் தாம் கண்டதையும் கேட்டதையும் நாள்தோறும் எழுதி வைத்தார். அன்று சிறியனவாகத் தோன்றியிருக்கக்கூடிய அக்குறிப்புகள் இன்று வரலாற்றுக் கருவூலமாக விளங்குகின்றன. ஊசுட்டேரிக் கரையில் ஒரு மாணவன் இன்று எழுதும் நான்கு வரிகளும் நாளை அவ்வாறு பயன்படலாம். கருவி வாங்க இயலாத மாணவனுக்கும் கண்ணும் குறிப்பேடும் உண்டு. மணலில் பதிந்த அடிச்சுவடும், எச்சத்தில் கிடக்கும் இலந்தைக் கொட்டையும், தொலைவில் எழும் ஊளையும் குறித்து வைக்கத் தக்கனவே.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. படத்தின்மேல் கொண்ட ஆசையும் ஒருவகை வேட்டையாக மாறக்கூடும். குட்டிகள் உள்ள வளையை நெருங்குதல், இரவில் கண் கூசுமாறு விளக்கடித்தல், இறைச்சித் துண்டுகளை வைத்து அழைத்தல் ஆகியவை தகாத செயல்கள். அஞ்சிய தாய் குட்டிகளை வேறிடத்திற்குத் தூக்கிச் செல்லும். வழியில் அவற்றுக்குத் தீங்கு நேரலாம். மனிதன் தரும் உணவுக்குப் பழகிய விலங்கு, ஊருக்குள் வந்து நாயாலோ வண்டியாலோ மடியும். வெறிநோய் பிடித்த விலங்கால் நமக்கும் தீங்கு வரலாம். ஆகவே தொலைவில் நிற்பதே இருவர்க்கும் நலம். நரி நம்மைப் பாராமல் தன் வேலையைச் செய்யும்போது எடுத்த படமே உண்மையான படம்.

இவ்வளவு கவலை ஒரு நரிக்கு வேண்டுமா என்று கேட்போர் உளர். கோழியையும் ஆட்டுக்குட்டியையும் அது தூக்கிச் செல்கிறதே என்று அவர்கள் முறையிடுவர். அம்முறையீடு பொய்யன்று, ஏழையின் கோழி அவனுக்குப் பெருஞ்செல்வம். எனினும் வரவையும் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்த்தல் வேண்டும். வயல் எலியை நரி தின்கிறது. செத்த விலங்கின் உடலைத் தின்று ஊரைத் தூய்மை செய்கிறது. பழங்களை உண்டு விதைகளைப் பரப்புகிறது. கோழிக்கூட்டை இரவில் அடைத்து வைத்தால் இழப்புக் குறையும். நஞ்சு வைத்தாலோ நரியோடு நாயும் பருந்தும் சாகும்; எலி பெருகும்.

நரிக்கு மெய்யான ஆபத்து மூடநம்பிக்கையாலும் நிலம் சுருங்குவதாலும் வருகிறது. ‘நரிக்கொம்பு’ வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்று நம்பி அதனை வாங்குவோர் இன்றும் உளர். நரிக்குக் கொம்பே கிடையாது என்பதை ஒரே ஒரு தெளிவான படம் காட்டிவிடும். சேலம் மாவட்டத்து வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில், பொங்கலை ஒட்டி வங்காநரியை வலை வைத்துப் பிடித்து, வாயைக் கட்டி, கயிற்றில் பிணைத்து மக்கள் நடுவே ஓடவிடும் வழக்கம் இருந்துவந்தது. அதன் முகத்தைக் கண்டால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். வனத்துறையினர் அதனைத் தடுத்துத் தண்டமும் விதித்துள்ளனர்.

புதுச்சேரியைச் சூழ்ந்த செம்மண் மேடுகளும் முந்திரித் தோப்புகளும் பனந்தோப்புகளும் ஏரிக்கரைப் புதர்களும் நரிக்கு உறைவிடம் தருவன. மழையால் அரிக்கப்பட்டு வெறுமையாய்க் கிடந்த மேட்டுநிலத்தில் 1968-ஆம் ஆண்டில் தோன்றிய ஆரோவில், மரங்களை நட்டுக் காடாக்கியது. அங்கே இன்று நரியின் ஊளையைக் கேட்கலாம். இடம் கொடுத்தால் நரி வாழும் என்பதற்கு இது சான்று. புதரைப் பயனற்ற நிலம் என்று கருதி அழித்து மனையாக்குவோமானால், நரிக்குப் போக்கிடம் இல்லை. புதர் பயனற்றதன்று, அது பல உயிர்களின் வீடு.

எதிர்பாராத நன்மை பெற்றவனைப் பார்த்து, ‘நரி முகத்தில் விழித்தாயோ?’ என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. நரியின் முகம் நன்மை தரும் என்று கருதிய முன்னோர், அதனைக் கட்டி இழுத்து வந்து பார்த்தலை நன்மை என்று கருதியிருப்பரோ? விடியற்காலையில் புதரோரம் அமர்ந்து, அசையாமல் காத்திருந்து, தன் விருப்பப்படி வெளிவரும் நரியின் முகத்தைக் காண்பதே உண்மையில் நரிமுகத்தில் விழித்தல். அக்காட்சியைப் படமாக்கி, அதன் கீழே நாளும் இடமும் எழுதி வைப்பவன் தனக்கு மட்டுமன்றிப் பின்வருவோர்க்கும் நன்மை செய்தவன் ஆவான். நரியைப் பற்றிய கதைகளை நாம் போதிய அளவு கேட்டுவிட்டோம். இனி, நரி தன்னைப் பற்றிக் கூறுவதைக் கண்ணால் கேட்போமாக.