3.0 கெடக்கட்டும், இருவாச்சியைக் காட்டுங்க!

வார இறுதி விருந்துக்குப் போனா, பொடிசுங்க முதல் பெருசுங்க வரைக்கும் ஒரே கேள்வி: "3.0 எப்பங்க வரும்?"

2010ல எந்திரன், 2018ல 2.0. ராட்சசப் பறவையா வந்த பட்சிராஜனோட சிட்டி மோதுச்சு, கடைசியில குட்டி 3.0வும் தலைகாட்டுச்சு. ஆசை நியாயம்தான். என் கடுப்பு வேற. செல்போன் கதிர்வீச்சு பறவைங்களைக் கொல்லுதுன்னு படம் சொன்னதை நம்ம பிள்ளைங்க வேதவாக்கா நம்புதுங்க. அதுக்கு உறுதியான ஆதாரம் இல்லீங்க. காட்டை அழிச்சா கூட்டுக்கு மரமில்ல, பூச்சிமருந்து அடிச்சா குஞ்சுக்கு இரையில்ல. இதையெல்லாம் விட்டுட்டு டவரைத் திட்டினா நம்ம கை சுத்தமாயிடுமா?

அடுத்த லீவுக்கு வனத்துறை அனுமதியோட போனக்காடு போங்க. அங்க கூட்டம் பேய் பங்களாவைத் தேடும். நீங்க இருவாச்சியைத் தேடுங்க. பெரிய மரத்துல பொந்து இல்லேன்னா அதுக்கு அடுத்த பாகமே கிடையாது.