படம் இருக்கிறது, பெயர் எங்கே?

பழைய படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டால் ஊர் வரலாற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் முன்னால் நாற்பது பிள்ளைகள் மூன்று வரிசையாக நிற்கும் படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கோட்டு அணிந்த ஆசிரியர். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் அந்த ஆசிரியர்? இந்த மூன்றும் தெரியாவிட்டால், எவ்வளவு தெளிவாக ஸ்கேன் செய்தாலும் அது யாரோ எங்கோ நின்ற படம்தான். பல்கலைக்கழக நூலகங்களின் இலக்கவியல் காப்பகம் என்றாலே நாம் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம், பெயர்களைப் பற்றிப் பேசுவதில்லை.

காகிதம் நமக்காகக் காத்திருக்காது என்பது உண்மை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலிவான காகிதம் மரக்கூழில் தயாரானது. மை பரவாமல் இருக்க அதில் படிகாரம் சேர்த்தார்கள். அது மெல்ல அமிலமாக மாறி, காகிதத்தின் உயிரான செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வெப்பமும் ஈரமும் அந்த வேலையை விரைவுபடுத்தும். 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் உள்ள நம் நாட்டில், கோயில் அலமாரியில் கிடக்கும் கணக்குப் புத்தகம் தொட்டாலே நொறுங்குவதற்குக் காரணம் இதுதான். மிச்சத்தைப் பூஞ்சையும் கரையானும் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே ஸ்கேன் செய்ய வேண்டும்தான். ஒரு ஏ4 தாளை அங்குலத்துக்கு 400 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 1 கோடியே 54 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். ஒரே பக்கம் 46 மெகாபைட்! காப்பகங்கள் இதைச் சுருக்காமல் அப்படியே மூலக் கோப்பாக வைத்துக்கொண்டு, நாம் பார்ப்பதற்குச் சிறிய நகல் ஒன்றைத் தனியே தருகின்றன.

அந்தக் கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஷா-256 என்ற கணக்கீட்டில் கோப்பைச் செலுத்தினால், எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள் கொண்ட கைரேகை ஒன்று கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999-இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டம் இன்னொரு பாதுகாப்பைச் சேர்த்தது. பல நூலகங்கள் ஒரே ஆவணத்தின் நகல்களை வைத்திருக்கும். அவற்றைக் கணினிகள் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டுப்போன நகலைச் சரிசெய்துகொள்ளும்.

ஆனால் கோப்பு நன்றாக இருந்தும் படிக்க முடியாமல் போவதுண்டு. இங்கிலாந்தில் 1086-இல் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ நிலப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டையொட்டி, 1986-இல் பிபிசி ஒரு பெரிய திட்டத்தை நடத்தியது. பள்ளி மாணவர்கள் உட்படப் பத்து லட்சம் பேருக்கு மேல் தங்கள் ஊரைப் பற்றி எழுதினார்கள், படம் எடுத்தார்கள். எல்லாம் லேசர் வட்டுகளில் ஏறின. பதினைந்தே ஆண்டுகளில் அந்த வட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கி 2002-இல் அதை மீட்க வேண்டியிருந்தது. 900 ஆண்டு பழைய ஆட்டுத்தோல் ஏடோ கண்ணிருந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தது.

தமிழுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1990-களில் நம் பள்ளிகளில் தட்டச்சு செய்த ஆண்டு மலர்களை இன்று கணினியில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் புரியாத குறிகள்தான் வரும். அப்போது ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. யூனிகோடு பரவலான பிறகே எல்லாக் கருவிகளும் ஒரே தமிழைப் பேசத் தொடங்கின.

இவை எல்லாவற்றுக்கும் பொறியியலில் விடை இருக்கிறது. பெயருக்கு இல்லை.

நூலகர்கள் இதை ‘மீதரவு’ என்பார்கள். தரவைப் பற்றிய தரவு. உலகெங்கும் பயன்படும் ‘டப்ளின் கோர்’ என்ற முறையில் தலைப்பு, உருவாக்கியவர், நாள், இடம், உரிமை என 15 கூறுகள் உள்ளன. (அயர்லாந்தின் தலைநகரை நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலும் ஒரு டப்ளின் உண்டு. 1995-இல் அங்கே நடந்த கூட்டத்தில்தான் இது பிறந்தது.) கேட்பதற்கு எளிது. நிரப்ப உட்கார்ந்தால்தான் தெரியும்.

‘இடம்’ என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். போர்ட் கிள்ளான் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். இரண்டு பெயரையும் பதியாவிட்டால், இன்றைய பெயரில் தேடும் மாணவருக்குப் பழைய படம் அகப்படாது. தோட்டங்களின் கதை இன்னும் சிக்கல். கம்பெனிப் பதிவேட்டில் ஓர் ஆங்கிலப் பெயர் இருக்கும். பால்மரம் வெட்டியவர்கள் வாயில் வேறொரு தமிழ்ப் பெயர் இருக்கும். அந்த இரண்டாம் பெயரை எந்த வரைபடத்தில் தேடுவீர்கள்? அது தாத்தா பாட்டிகளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

கணினியே படித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அச்சிட்ட தமிழை எழுத்துணரி மென்பொருள் இப்போது ஓரளவு நன்றாகவே படிக்கிறது. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகள் நிறைந்த பக்கங்களில் தடுமாறுகிறது. எவ்வளவு தேறினாலும், படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கும் சிறுமியின் பெயரை அது சொல்லப்போவதில்லை.

1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்கிறார்கள். இன்று 530-ஐ ஒட்டியே உள்ளன. மூடப்பட்ட பள்ளிகள் பலவும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மறைந்தவை. லயத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் முதலில் தூக்கிப் போட்டது பழைய டிரங்குப் பெட்டியைத்தான். தோட்ட நிர்வாகங்களின் அறிக்கைகளுக்கும் கடிதங்களுக்கும் நூலகங்களில் எப்படியோ இடம் கிடைத்துவிடும். திருவிழாக் கணக்கு, திருமண அழைப்பிதழ், சம்பளச் சீட்டு, பள்ளி மலர் ஆகியவற்றுக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1956-இல் இந்திய ஆய்வியல் துறையைத் தொடங்கியது மலாயாப் பல்கலைக்கழகம். 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கண்டது கோலாலம்பூர். இங்குள்ள பல்கலைக்கழக நூலகங்கள் இத்தகைய எளிய காகிதங்களையும் ஆவணமாக ஏற்க வேண்டும், தமிழிலேயே தேடும் வசதியும் தர வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

ஆனால் விவரங்களை நிரப்ப நூலகரால் மட்டும் முடியாது. அங்கேதான் நீங்கள் வருகிறீர்கள். இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஒன்று, ஆண்டுக்கு இருபது படங்களுக்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்தாலே பெரிய காரியம். மாணவர்கள் பதிந்தால் தவறு வராதா என்று சிலர் கேட்பார்கள். வரும். அதனால்தான் ‘சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார்’ என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு பாட்டி 1958 என்கிறார், இன்னொருவர் 1961 என்கிறார் என்றால் இரண்டையும் பதியுங்கள். பிறகு ஆராய்பவர் முடிவு செய்யட்டும். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி போன்றவை தெரிந்தால் பொதுப் பார்வைக்கு வைக்கும் நகலில் அவற்றை மறைத்துவிடுங்கள். படத்தின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

தாத்தா பாட்டியிடம் கேட்கும்போது, ‘இது யார்?’ என்பதோடு நிறுத்தாமல் ‘இந்தப் படத்தை யார் எடுத்தது, அன்றைக்கு என்ன விசேஷம்?’ என்றும் கேளுங்கள். நினைவு அங்கிருந்துதான் அவிழும். பேச்சை அவர்கள் சம்மதத்தோடு கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள்.

கடைசியாகச் சில கைவேலைக் குறிப்புகள். பழைய படத்தை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்க முடியாது. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், பக்கத்தோடு படம் எடுங்கள். பின்புறம் பெயர் எழுதப் பேனா வேண்டாம், மென்மையான பென்சில் போதும். புலனத்தில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நாள் போன்ற விவரங்களும் உதிர்ந்துவிடும். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள்.