‘வீடு’ இருக்கிறது, நெகட்டிவ் இல்லை

உதய் சங்கரின் ‘கல்பனா’ படம் 1948இல் வெளிவந்தது. பேசுவது இந்தி; எடுத்தது நம் ஜெமினி ஸ்டூடியோவில். பத்மினி முதன்முதலாகத் திரையில் ஆடியது அதில்தான். மார்ட்டின் ஸ்கார்செஸியின் உலக சினிமா அறக்கட்டளை முன்னின்று, இத்தாலியின் பொலோன்யா ஆய்வுக்கூடத்தில் படத்தைச் செப்பனிட்டு, 2012 கான் விழாவில் திரையிட்டது. 2022இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வேற்று நாட்டுப் படங்கள் ஐந்தோடு சேர்த்து ஒரே பெட்டியாக வெளியிட்டது.

சென்னையில் பிறந்த அந்தப் படத்தைச் சென்னையில் வாங்கிப் பார்க்க நம் நண்பர்கள் படும் பாடு கொஞ்சமில்லை. தபாலில் வரவழைத்தால் சுங்க வரி. இல்லாவிட்டால் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டியில் இடம் கேட்க வேண்டும். கைக்கு வந்த பிறகும் தீராது. அமெரிக்க ப்ளூ-ரே ‘ஏ’ மண்டலம். இந்தியா ‘சி’ மண்டலம். இங்கே வாங்கிய பிளேயர் அந்தத் தட்டைப் படிக்காது. எல்லா மண்டலத்துக்கும் ஒத்துவரும் பிளேயரைத் தேடி அலைய வேண்டும். இத்தனையையும் தாண்டி வாங்குகிறவர்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருக்கிறார்கள். அவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்கிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

இவர்களில் பெரும்பாலோர் பர்மா பஜார் டிவிடிகளில் உலக சினிமா கற்றவர்கள். உரிமம் பெற்ற தட்டு எட்டாத காலத்தில் ஓஸுவும் பிரெஸ்ஸானும் தார்க்கோவ்ஸ்கியும் நமக்கு அந்த வழியாகத்தான் வந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று அதே ஆட்கள் விடுமுறை நாள் மாலைகளில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, புதிய பதிப்பில் நிறம் மஞ்சளடிக்கிறதா, சட்டகத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சத்யஜித் ராயின் அப்பு படங்களுடைய நெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வுக்கூடத் தீயில் கருகியதும், கருகியதிலிருந்து தேறியதை எடுத்துப் படத்தை மீட்டதும் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு படம் எப்படிச் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தட்டு சேர்க்கிறவனே நன்றாக அறிவான்.

அதனால்தான் அவர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம்.

பாலு மகேந்திரா இயக்கிய ‘வீடு’ படத்தின் கதையில் வரும் மனை வளசரவாக்கத்தில் இருக்கிறது. வடபழனியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கடந்து போகும் ஊர். கடன், ஒப்பந்தக்காரர், காணாமல் போகும் சிமெண்ட், கடைசியில் வந்து நிற்கும் அரசு அலுவலகம் என்று இந்த மேற்குப் புறநகரில் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குத் தேசிய விருது கிடைத்தது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. பாதி எழும்பிய அந்த வீட்டைப் பார்க்க நாயகியின் தாத்தா தனியாகக் கிளம்பி வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பூசாத சுவர், ஜன்னல் வழி வெயில், தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரின் சுருக்கம் விழுந்த முகம். இருக்கிற வெளிச்சத்தை நம்பிப் படம் பிடித்த ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. நாம் பார்க்கும் பிரதியில் அந்த வெயில் வெளுத்துக் கிடக்கிறது, முகம் கலங்கியிருக்கிறது.

செப்பனிடலாமே என்றால், எதை வைத்துச் செப்பனிடுவது? ‘வீடு’, அதே இயக்குநரின் ‘சந்தியா ராகம்’ இரண்டின் நெகட்டிவும் இப்போது இல்லை. பாலு மகேந்திராவே இதைச் சொல்லி வருந்தினார், தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டுமென்று கேட்டார். 2014 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார். அந்தப் படங்கள் இன்று நம்மிடம் இருப்பதே வீட்டில் பார்க்கவென்று வந்த வீடியோ பிரதிகளின் புண்ணியத்தில்தான். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) அந்தப் பாக்கியமும் இல்லாமல் போனது.

மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற நாட்களில் வாங்கிய தட்டுகளைப் புறா விரட்ட பால்கனியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அவற்றில் எது ஒரு படத்தின் கடைசி நல்ல பிரதி என்று யாருக்குத் தெரியும்? கிரைட்டீரியன் பெட்டியைத் துணி போட்டுத் துடைத்து வைக்கும் கை, பழைய தமிழ் டிவிடியையும் எடுத்துப் பார்க்கட்டும். வெள்ளிப் பக்கத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் கசிந்தால் உள்ளிருக்கும் அலுமினியப் பூச்சு அரித்துப்போகத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே கணினியில் பிரதி எடுத்துவிட வேண்டும்.

அரசிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. பூந்தமல்லியில் 140 ஏக்கரில் 500 கோடி ரூபாய் செலவில் நவீன திரைப்பட நகரம் அமையும் என்று 2024 ஜனவரியில், ‘கலைஞர் 100’ விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். படம் எடுக்க அத்தனை ஏக்கர் ஒதுக்கும்போது, எடுத்த படத்தைக் காக்கக் குளிரூட்டிய ஒரு கிடங்கும் அங்கே வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் பிலிம் சுருள் வினிகர் நெடி அடிக்கத் தொடங்கினால் அதைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

வாசகர்களே, தூர்தர்ஷன் ஒளிபரப்பிய தமிழ்ப் படங்களை அந்தக் காலத்தில் பதிவு செய்த விஎச்எஸ் கேசட் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். தூக்கிப் போடுவதற்கு முன் எங்களுக்கு எழுதுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்க வேண்டாம், நாடா வீணாகிவிடும். அப்படியே கொண்டுவந்து கொடுங்கள்.